தூக்குவாளிக் காசும் கடலைக்கு ஜிப்சமும்

திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். 2 ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு கறவை மாடு. இதை வைத்துப் பிழைக்கிற குடும்பம் அது. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகள் பத்தாம் வகுப்பு. அம்மாவுக்கு 50 வயதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டிக் கீரை போடுவார். கீரையும் தயிரும் வாரச் சந்தைக்குப் போகும்.

அந்த அம்மாவின் வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. எந்தக் காசைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். 10 ரூபாய் நாணயத்தை மளிகைக் கடையில் வாங்க மாட்டார்கள், பஸ்ஸில் கொடுத்தால் கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார். அப்படித் தங்கிப்போன காசெல்லாம் கடைசியில் இவருடைய கூடைக்குத்தான் வரும். "வேணாம்னு சொன்னா கீரை வாடிடும். காசு வாடாது" என்பார். வாங்கியதை அவரும் எங்கேயும் மாற்ற முடியாமல், பரண் மேல் இருந்த ஈயம் பூசிய பழைய தூக்குவாளியில் போட்டு வைத்தார். அவருடைய மாமியார் காலத்துத் தூக்குவாளி அது. அடியில் மாமியார் போட்டு வைத்த சில்லறையும் கிடந்தது. அதன் மேல் 4 வருடமாக இவருடைய காசு ஏறியது. கடைசியில் ஒரு கையால் தூக்க முடியாத கனம்.

அந்த வருடம் ஆடி பிறந்ததும் நல்ல மழை. ஆடி 2ஆம் தேதி 2 ஏக்கரிலும் கடலை விதைத்தார்கள். முளைப்பு பழுதில்லை. ஆவணி பத்து தேதிக்குள் களை எடுத்து, ஜிப்சம் போட்டு, மண் அணைத்தாக வேண்டும். ஜிப்சம், வண்டி வாடகை, ஆள் கூலி என்று கணக்குப் பார்த்தால் 9,000 ரூபாய் வந்தது. கையில் இருந்தது 1,500.

கடலை போடுகிறவர்களுக்கு இந்த நேரத்தின் அருமை தெரியும். பூ மேலே பூத்தாலும் விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கிறது. காய் திரளத் தேவையான கால்சியத்தை வேர் கொண்டுவந்து தருவதில்லை. காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். மானாவாரியில் மண் ஈரத்தைப் பார்த்துச் சில நாள் முன்பின் ஆகலாம். ஆனால் விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறினால் விழுது அறுந்துபோகும். கால்சியம் போதாவிட்டால் காய் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உடைத்தால் உள்ளே பருப்பு இருக்காது. அத்தனையும் பொக்கு.

அப்பா ஊரில் ஒருவரிடம் 3 வட்டிக்குக் கேட்டு வைத்தார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். 9,000க்கு மாதம் 270. கடலை பிடுங்கி விற்றுக் கடனைக் கட்ட 3 மாதம் ஆகும். வட்டி மட்டும் 810 ரூபாய்.

"பரண் மேல அவ்வளவு காசு தூங்குது. எதுக்குங்க வட்டிக்கு வாங்கணும்?" என்றார் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் மகன் போன் செய்தான். "யம்மா, அந்தக் காசை மாத்திடாதே. தீபாவளிக்கு வந்து நானே பொறுக்கிப் பாக்குறேன். வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபா இருந்தா 5 லட்சம் தர்றாங்களாம். வீடியோ அனுப்புறேன் பாரு."

மகள் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதில் இருந்த நம்பருக்குப் பேசவும் செய்தாள். எதிரில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். காசைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். தூக்குவாளியின் மேலாகவே அப்படி ஒரு காசு கிடந்தது. போட்டோ போன பத்தாவது நிமிடம் பதில் வந்தது. 5 லட்சம் உறுதி. ரிசர்வ் வங்கியில் பதிவு செய்ய 2,850 ரூபாய் மட்டும் முன்பணம் அனுப்ப வேண்டும்.

வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 5 லட்சம் என்றால் கிணறு வெட்டலாம். அப்பா தன் இடுப்புப் பணத்தைத் தொட்டுப் பார்த்தார். மீதி 1,350 ரூபாயைப் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கலாமா என்று யோசனை ஓடியது.

அம்மாதான் கேட்டார். "5 லட்சம் தர்ற ஆளு எங்கிட்ட 2,850 எதுக்குக் கேக்கணும்? அதுலயே கழிச்சுக்கிட்டு மீதியைத் தரச் சொல்லு."

மகள் அப்படியே கேட்டாள். போன் துண்டிக்கப்பட்டது. பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

இந்த மோசடி பல ஊர்களில் நடக்கிறது. பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டுக் கட்டணம், கமிஷன், வரி என்று பணம் பறிக்கிறார்கள் என 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. அது இந்த மாதிரி வியாபாரம் எதுவும் செய்வதில்லை, யாருக்கும் அப்படி அனுமதி தரவும் இல்லை.

மகனுக்கு இன்னும் ஆசை விடவில்லை. "அவன் ஏமாத்துறவனா இருக்கட்டும். வேற யாராவது வாங்குவாங்க. தீபாவளி வரைக்கும் வெச்சிரு" என்றான்.

"தீபாவளிக்குக் கடலையே கிளம்பிடும். ஜிப்சம் அதுவரைக்கும் காத்திருக்காது" என்றார் அம்மா. "இன்னிக்கு ஒரு ராத்திரி பொறுக்குவோம். விதைக்கடலை பொறுக்குற மாதிரிதான். நல்ல விதை ஒரு பிடி எடுத்து வெச்சிட்டு மீதியைச் சந்தைக்கு அனுப்பலையா? கிடைச்சது கிடைக்கட்டும். காலைல மீதி பேங்குக்குப் போகுது."

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் சாக்கை விரித்துத் தூக்குவாளியைக் கவிழ்த்தார்கள். அம்மா முறத்தில் அள்ளிப் போட, அப்பா வகை பிரித்தார். மகள் வருடமும் எழுத்தும் படித்தாள். அழுக்காக இருந்தவற்றைப் புளி போட்டுத் தேய்க்கப் போனவளை அப்பா தடுத்தார். சந்தையில் பழைய காசு விற்கிறவர் ஒருமுறை சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிக்கிறவர்கள் விரும்ப மாட்டார்கள்.

வருடத்துக்குக் கீழே இருந்த சின்னக் குறிகளையும் மகள் பார்த்தாள். வைரம் போல இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்பதற்கான அடையாளம்தான் அது. அந்தக் குறியை மட்டும் காட்டி லட்சம் தருகிறோம் என்றால் நம்ப வேண்டியதில்லை.

வைஷ்ணவி தேவி காசு மட்டும் மூன்று வந்தன. ஒரே தூக்குவாளியில் மூன்று கிடைக்கிற காசுக்கு யார் 5 லட்சம் கொடுப்பார் என்று அப்பாவே சிரித்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 5 ரூபாய் இரண்டு. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு ஒன்று. 2010இல் நூற்றாண்டுக்காக வெளியிட்ட சி.சுப்பிரமணியம் 5 ரூபாய் ஒன்று. நாட்டில் உணவுப் பஞ்சம் வாட்டிய 1960களில் மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தவர் அவர் என்று மகள் பாடத்தில் படித்ததைச் சொன்னாள்.

அடியில் மாமியார் போட்ட சில்லறை வந்தது. நாலணாக்கள் ஒரு பிடி. அவற்றுக்கிடையே 1988ஆம் வருட ஒரு ரூபாய் ஒன்று. மகள் எழுத்துக் கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னாள். மானாவாரி விவசாயத்துக்காக அரசாங்கம் வெளியிட்ட காசு.

"நம்ம மாதிரி ஆளுங்களுக்காகவா காசு அடிச்சாங்க?" அம்மா அதை வாங்கி முந்தானையில் துடைத்தார். மாமியாரும் 2 ஏக்கர் வானம் பார்த்த பூமியிலேயே வாழ்ந்து முடித்தவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே போட்டு வைத்திருப்பார்.

மானாவாரிக் காசு, திருவள்ளுவர், சி.எஸ்., பெரிய கோவில் இரண்டு, மாமியார் நினைவுக்கு நாலணா நான்கு. ஆக 9 காசுகளைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்தார். மற்ற நாலணாக்களைப் பேத்திக்குச் சொந்தம் என்று மகளிடமே கொடுத்தார். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30ஆம் தேதியுடன் செல்லாமல் போய்விட்டன. 50 காசு இன்றும் செல்லும்.

மீதியை எண்ணினார்கள். 20 ரூபாய் 6, 10 ரூபாய் 620, 5 ரூபாய் 540, 2 ரூபாய் 610, 1 ரூபாய் 740, 50 காசு 14. மொத்தம் 10,987 ரூபாய். கனம் சுமார் 15 கிலோ. எண்ணி முடித்தபோது மணி பன்னிரண்டு. நூறு நூறாகப் பாலித்தீன் பையில் கட்டி, பையின் மேல் தொகையை எழுதினாள் மகள்.

மறுநாள் கணக்கு வைத்திருந்த வங்கிக்குப் போனார்கள். திங்கள்கிழமை, கூட்டம். "சில்லறை எல்லாம் எண்ண ஆள் இல்லம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தா வாங்குவீங்க சார்? கடலைக்கு ஜிப்சம் போடணும், அதுக்கு மேல தள்ள முடியாது." நூறு நூறாகக் கட்டிய பைகளைப் பார்த்த மேனேஜர், புதன்கிழமை மதியம் 2 மணிக்கு வரச் சொன்னார். சொன்னபடி புதன்கிழமை முக்கால் மணி நேரத்தில் பணம் கணக்கில் ஏறியது. 9,000 எடுத்தார்கள். மீதி 1,987 அறுவடையின்போது காய் ஆய்கிற கூலிக்கு.

சில்லறை சேர்த்து வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வங்கிகள் நாணயத்தை வாங்க மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கணக்கில் நாணயமாகக் கட்டுவதற்கு அது உச்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. ரூபாய் குறி உள்ளது, இல்லாதது என அதுவரை வந்த 14 வகை 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் அறிவித்திருக்கிறது. வகை பிரித்து, நூறு நூறாகக் கட்டி, கூட்டமில்லாத நாளைக் கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் பிரச்னை வராது. அப்படியும் மறுத்தால் வங்கியிலேயே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

விதைத்த 42ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைத்தார்கள். அடுத்த வாரமே ஒரு மழை.

தீபாவளிக்கு மகன் வந்தபோது களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. வந்ததும் பரணைத்தான் பார்த்தான். தூக்குவாளி அங்கேயே இருந்தது. அதன் மேல் சாக்பீஸில் "ஆடி 1" என்று தங்கை எழுதியிருந்தாள். இனிமேல் வருடா வருடம் விதைப்புக்கு முன்னால் அதைத் திறந்து, ஒரு ராத்திரி பொறுக்கி, மறுநாள் கட்டிவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

"வைஷ்ணவி தேவி காசு எங்கேம்மா?"

அம்மா களத்திலிருந்து ஒரு கை காயை அள்ளி அவன் கையில் வைத்தார். "உடைச்சுப் பாரு" என்றார். உடைத்தான். உள்ளே இரண்டு பருப்பு, தோலை நிறைத்துக்கொண்டு இருந்தது. அடுத்ததிலும் அப்படியே.

"அந்த மூணு காசும் இதுக்குள்ளதான்டா இருக்கு" என்றார் அம்மா.