எண்பத்து மூன்று கிராம்

தெருவில் ஷட்டில் என்றும் ஏடுகளில் இறகுப்பந்து என்றும் வழங்கும் ஆட்டத்தின் மட்டையில், தண்டு பிடிக்குள் இறங்கும் இடத்தில் சிறு கூம்பு ஒன்று உண்டு. கண்ணாடி அணிந்தால் மட்டுமே தெரியும்படி அதில் '4யூ ஜி5' என்று அச்சிட்டிருப்பார்கள். முன்னது எடை: நரம்பு பின்னுவதற்கு முன் 80 முதல் 84 கிராம். 3யூ என்றால் 85 முதல் 89. 5யூ என்றால் 75 முதல் 79. பின்னது பிடியின் பருமன். பெரும்பாலான மட்டைகளில் எண் ஏற ஏறப் பிடி மெலியும். இந்த நான்கு எழுத்துகளைப் பற்றி நாங்கள் நால்வர் இரண்டு வாரம் விவாதிக்க நேர்ந்தது.

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். பதினான்கு வயது. எங்களில் உயரம் குறைந்தவரின் தோளளவு இருப்பாள். தி. நகரில் ஒரு கடையில், புதிதாக வந்திறங்கிய மட்டையைக் காட்டி, உலக வாகையர் கையிலிருப்பது இந்த ரகம்தான் என்றிருக்கிறார்கள். ஐந்திலக்க விலை. தகப்பனார் சீட்டை எடுக்கவே தயாராகிவிட்டார். "நீங்க நாலு பேரும் தினம் ஆடறவங்க. வாங்கலாமான்னு பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சொல்வது யார் என்று ஒன்று இருக்கிறதே. எங்களில் ஒருவரிடம் அதே மட்டை இருக்கிறது. வாரம் ஒருமுறை உறையை விட்டு வெளியே வருகிறது. தன்னிடம் உள்ளதைப் பிறர் வாங்க முனைகையில் சிக்கனம் போதிப்பது நடுத்தர வர்க்கத்தின் பழைய நோய். ஆகவே விலையை மறந்து, மட்டையை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஆட்ட விதிகளின்படி மட்டை 680 மில்லிமீட்டர் நீளத்தையும் 230 மில்லிமீட்டர் அகலத்தையும் தாண்டக் கூடாது. எடையைப் பற்றி விதி வாய் திறப்பதில்லை. அந்த இடத்தைத் தயாரிப்பாளர்கள் எண்களால் நிரப்பிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எண் இருக்கும் இடத்தில் விஷயம் குறைவு. விஷயம் இருக்கும் இடத்தில் பெயரடைதான் இருக்கிறது. பாரம் தலையில் இருக்கிறதா பிடியில் இருக்கிறதா, தண்டு எவ்வளவு வளையும் என்பவையே கைக்கு முக்கியம். அவற்றுக்கு அட்டையில் 'தலைப்பாரம்', 'மிகு விறைப்பு' என்பதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'விறைப்பு' இன்னொன்றின் 'நடுத்தரம்'. பின்னட்டைப் பெயரடைகளை நம்பி நாவல் வாங்கியவர்களுக்கு இது புரியும்.

ஏன் முக்கியம்? வீசும்போது கையை அச்சாகக் கொண்டால், ஒவ்வொரு கிராமும் தரும் எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அச்சிலிருந்து 10 சென்டிமீட்டரில் உள்ள ஒரு கிராமைவிட, தலைப்பகுதியில் 55 சென்டிமீட்டரில் உள்ள ஒரு கிராம் ஏறத்தாழ முப்பது மடங்கு அடம்பிடிக்கும். எனவே 83 கிராம் மட்டைகள் இரண்டு, தராசில் சகோதரர்கள், வீச்சில் அந்நியர்கள். விரல்மேல் தண்டைக் கிடத்திப் பார்த்தோம். நண்பரின் மட்டை, பிடியின் அடியிலிருந்து 30 சென்டிமீட்டருக்குச் சற்று மேலேதான் நிலைகொண்டது. தலைப்பாரம் என்று எழுதியிருந்தது மெய்யே.

தண்டின் கதை வேறு. விறைத்த தண்டு வேகமான வீச்சுக்கு மட்டும் பதில் சொல்லும். மெதுவான கைக்கு வளைந்து நிமிரும் தண்டே உந்துதல் தருகிறது. 194 சென்டிமீட்டர் உயரமுள்ள விக்டர் ஆக்செல்சன் போன்றவர்களின் தோளுக்கு ஏற்றதை, வளர்ந்துகொண்டிருக்கும் தோளில் ஏற்றினால், தண்டு வளைய மறுக்கும் பங்கை மூட்டு ஏற்க வேண்டியிருக்கும்.

தலையின் வடிவத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. பழைய முட்டை வடிவத்தின் உச்சியைச் சற்றுச் சதுரமாக்கி, நரம்புகளின் நீளத்தைச் சமப்படுத்தி, அடி நன்றாக விழும் பரப்பை விரித்தது யோனெக்ஸ் நிறுவனம், அது 1992இல். இன்று எளிய விலை மட்டைகளுக்கும் அந்த அமைப்பு வந்துவிட்டது. (மினோரு யோனெயாமா 1946இல் தொழில் தொடங்கியது மட்டைக்காக அன்று, மீன்வலைகளுக்கான மர மிதவைகளுக்காக. பிளாஸ்டிக் மிதவை வந்து அந்தத் தொழிலை விழுங்கியதால்தான் மட்டைக்கு வந்தார். ஊரூர்க் குப்பத்துப் பக்கம் நடக்கும்போதெல்லாம் இது எங்களுக்கு நினைவுக்கு வரும்.)

பிறகு சோதனை. மதியம் கடற்காற்று எழுந்துவிட்டால் திறந்தவெளியில் இறகு சொன்னபடி கேட்காது; எனவே விடியற்காலை. நண்பரின் மட்டையோடு, அதில் நாலில் ஒரு பங்கு விலைகூட இல்லாத, சமநிலையான, நடுத்தர நெகிழ்வுள்ள 4யூ ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். பெயர்களின்மேல் காகிதம் ஒட்டினோம். இரண்டிலும் ஒரே நரம்பு, ஒரே 22 பவுண்டு இழுவிசை. பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு உயர்த்தி அடிக்கச் சொன்னோம். முதல் சில அடிகளில் விறைத்த மட்டையே வென்றது, ஓசையே தனி. கால் மணி நேரம் கழிந்ததும் அதன் அடிகள் நடுக்களத்திலேயே விழத் தொடங்கின. மற்றதில் ஆழம் குறையவில்லை. எங்களில் இருவர் விறைத்ததை ஒரு காலை முழுதும் ஆடிப் பார்த்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். லஸ்ஸில் நாங்கள் நடக்கும் பூங்கா, அமிர்தாஞ்சனம் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கியிருப்பது பொருத்தம்தான்.

அட்டையில் சொல்லாத இன்னொன்றும் உண்டு. சென்னைப் புழுக்கத்தில் வியர்த்த கை மட்டையை நழுவவிடாமல் இறுக்கும். இறுக்கிய கையில் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். மேற்பிடியை அடிக்கடி மாற்றுவதும், தளர்ந்த நரம்பை மறுபடி பின்னுவதும் (கடைகளில் 'கட்டிங்' என்பார்கள், நரம்பு குடலிலிருந்து வந்த காலத்து ஆங்கிலச் சொல்லின் மிச்சம்) ஓராண்டில் மட்டையின் விலையை எட்டும் செலவு. சீட்டுப் பணம் முழுவதையும் மட்டையில் போட்டால் இதற்கு எங்கே போவது?

இவ்வளவையும் தகப்பனாரிடம் சொன்னோம். பெட்டியை வண்டிமேல் நிறுத்திவிட்டுக் கேட்டார். "எதிர்ல ஆடற பொண்ணுங்க எல்லாம் அதைத்தானே சார் வச்சிருக்குது? நம்ம கைல மட்டும் கம்மி விலை இருந்தா, ஆடறதுக்கு முன்னாலயே ஒரு மாதிரி ஆகிடாதா?" எங்கள் கணக்கில் முப்பது மடங்கு இருந்தது, இதற்கு இடம் இருக்கவில்லை. அவர் கேட்டது தவறென்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. களத்தில் எதிராளியின் பையைப் பார்த்து மனம் சுருங்குவதும் மெய்யான பாரமே.

மகள்தான் குறுக்கிட்டாள். காகிதம் ஒட்டிய மட்டைகளில் எது எது என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, உறையைப் பார்த்துவிட்டாளாம். "அது சூப்பரா இருக்கு அங்கிள். ஆனா மூணாவது கேம்ல தூக்க முடியாது" என்றாள். சமநிலை மட்டையையே வாங்கினார்கள். மிச்சத்தில் இரண்டு டப்பா இறகுக் காக்கும், அவளே தேர்ந்த கருஞ்சிவப்பு மேற்பிடியும். நரம்பு 22 பவுண்டுக்கு மேல் வேண்டாம் என்றோம். அவள் 24 கேட்டாள். கடைக்காரர் 23 போட்டுக் கொடுத்தார்.