சடங்குப் படம்

சடங்குக்கு எடுத்த அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை. “தலையைக் குனி, கையை ஆட்டாத” என்று பெரியம்மா அதட்ட, மாலையும் கழுத்துமாக நின்றேன். எடுக்கலாமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

போன மாதம் அண்ணன் மகன் அதை ஏஐ செயலியில் ஏற்றி, குத்துப்பாட்டுக்கு நான் ஆடும் மீம் வீடியோவாக்கி, எங்கள் ஆரப்பாளையம் சொந்தங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஒரே சிரிப்பு. “எடுத்துருடா” என்றேன். “சும்மா ஜாலிக்குத்தான அத்தை!” என்றான். அதற்குள் இன்னும் மூன்று குழுக்களுக்குப் போயிருந்தது.

செயலிக்கு ஒரே ஒரு படம் போதும். ஏராளமான வீடியோக்களைக் கொண்டு அதைப் பழக்கியிருப்பதால், உடம்பு அடுத்து எப்படி அசையக்கூடும் என்று கணித்து உருவாக்கிவிடுகிறது. முகம் என்னுடையது, அசைவு யார் யாருடையதோ.

2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தை ஒட்டிய டீப்ஃபேக் வீடியோ பரவியது. அந்த நுட்பம் வேறு; கேட்காத பழக்கம் ஒன்றுதான். வீடியோவில் உண்மையில் இருந்தவர் ஜாரா படேல் என்ற பெண். இருவரிடமும் கேட்கவில்லை. ரஷ்மிகாவுக்காகப் பலர் பேசினார்கள். ஜாராவின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அதே 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை வலியுறுத்துகிறது. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குத் தரவைக் கையாண்டால் அது பொருந்தாது. நம் ஆல்பங்கள் இருப்பதோ வீட்டில்.

ஆகவே கேட்கும் பழக்கத்தையும் வீட்டில்தான் தொடங்க வேண்டும். தங்கச்சி படமோ அப்பத்தா படமோ, ஏற்றுமுன் அவர்களிடம் கேளுங்கள். வேண்டாமென்றால் ஏனென்று கேட்காமல் விட்டுவிடுங்கள்.