டீசல் வண்டி பார்க்கும் காலை

பழைய டீசல் கார் ஒன்று பார்த்துக் கொடுங்கள் என்று வருகிறவரிடம் பட்ஜெட்டையும் மாடலையும் நான் பிறகுதான் கேட்பேன். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், ஒருமுறை சாவியைத் திருப்பினால் எவ்வளவு தூரம் நிற்காமல் போகும் என்பவையே என் முதல் கேள்விகள். கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்துப் பெரும்பாலும் டீசல் வேலையே பார்க்கிறவன் நான். இந்த எஞ்சின் மேல் எனக்குப் பெரும் பிரியம் உண்டு. அதனாலேயே, அது யாருக்குப் பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் வரை வித்தியாசம் இருந்தது. அந்தக் காலத்தில் யார் டீசல் வாங்கினாலும் கணக்கு சரியாக வந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்ட பிறகு இடைவெளி சுருங்கிவிட்டது. பெட்ரோல் நூறு, டீசல் தொண்ணூற்றிரண்டு என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் உள்ள சின்ன டீசல் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 60 காசு. அதே அளவு பெட்ரோல் கார் 15 கொடுத்தால் 6 ரூபாய் 67 காசு. கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் கையில் நிற்கும். மாதம் 400 ஓடுகிறவருக்கு அது பத்தாயிரத்தைத் தாண்டாது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்றே ஒன்று புதிதாகப் போட வேண்டி வந்தால் அந்தப் பத்தாயிரம் அப்படியே போய்விடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். பேத்தியைப் பள்ளியில் விடுவது, எப்போதாவது மருதமலை, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் ஓட்டம்.

"டீசல்னா மைலேஜ் வருமுங்களே தம்பி?"

"வருமுங்க சார். ஆனா உங்க ஓட்டத்துக்கு அந்த மிச்சம் ரிப்பேருக்கே பத்தாதுங்க. நல்ல பெட்ரோல் வண்டியா பாருங்க, நானே வந்து பாத்துத் தர்றேன்."

அன்னூரிலிருந்து தினமும் திருப்பூர் போய்வரும் துணி வியாபாரிக்கு இதே கேள்விக்கு வேறு பதில். நாளுக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர், இடையில் அதிகம் நிறுத்தாத ஓட்டம். டீசல் எஞ்சின் அப்படிப்பட்டவருக்காகவே பிறந்தது.

தூரம் ஏன் முக்கியம் என்றால், டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தின் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதற்குள் பள்ளிக்கூடம் வந்து, நிறுத்தி, மறுபடி எடுத்து, மறுபடி நிறுத்தினால், அடுப்பு பற்றுவதற்குள் தண்ணீர் தெளித்தது போலப் புகைதான் மிஞ்சும். அந்தக் கரி, எரிந்த வாயுவில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்விலும் காற்று போகும் இன்டேக் குழாயிலும் படிகிறது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 கார்களில் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டியும் உண்டு. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும்.

ஆகவே 60,000 கிலோமீட்டர் டவுனுக்குள் ஓடிய காரையும், ஒழுங்காக ஆயில் மாற்றி 1,30,000 கிலோமீட்டர் ஹைவேயில் ஓடிய காரையும் பக்கத்தில் நிறுத்தினால் நான் இரண்டாவதன் பானெட்டைத்தான் முதலில் திறப்பேன். வாங்குகிறவர்கள் மீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். பத்து வருட டீசல் கார் 42,000 காட்டினால் எனக்கு மகிழ்ச்சி வராது, சந்தேகம்தான் வரும். அவ்வளவு குறைவாக ஓடுகிறவர் எதற்காகக் கூடுதல் விலை கொடுத்து டீசல் வாங்கினார்? உண்மையிலேயே காரணம் இருக்கலாம். ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டீயரிங் மினுங்கி, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கச் சொல்வேன். கொடுக்க மறுக்கும் ஓனரின் வண்டியை நான் மேற்கொண்டு பார்ப்பதில்லை.

மூன்று லட்சம் கையில் இருக்கிறவருக்கு எந்த வண்டி? என் பதில் எப்போதும் சாதாரணமான வண்டிதான். ஃபியட் வடிவமைத்த 1.3 மல்டிஜெட் எஞ்சின், 1,248 சிசி, நம் நாட்டில் மானேசரிலும் ரஞ்சன்காவிலும் தயாரானது. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்டோ, லீனியா என்று எத்தனையோ பானெட்டுகளுக்கு அடியில் அதுவே இருக்கிறது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலை விட்டுவிட்டது. ஆனாலும் இதன் பாகம் கிடைக்காத ஊரோ, இதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக்கோ இருப்பதாகத் தெரியவில்லை. டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆயில் ஒழுங்காக மாற்றிய வண்டியில் செயின் சத்தமே கேட்காது. ரிட்ஸை மக்கள் தோற்றம் பிடிக்காமல் ஒதுக்குவார்கள். அதனால் விலை குறையும். உள்ளே உயரம் தாராளம், வயதானவர்கள் குனியாமல் ஏறலாம். எனக்குப் பிடித்த வண்டி அது. டொயோட்டா எட்டியோஸின் 1.4 டீசல் 68 குதிரைத் திறன்தான், ஆனால் பொறுமையான எஞ்சின். டாக்சி ஓட்டுகிறவர்கள் அதை விடாமல் வாங்கியதற்குக் காரணம் உண்டு. ஃபோர்டின் 1.4 டீசல் ஓட்ட இனிமையானது. அதில் டைமிங் பெல்ட் இருப்பதால், மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சினே போய்விடும். ஃபோர்டு 2021இல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, செவர்லே 2017லேயே விற்பனையை நிறுத்தியது. இவற்றின் விலை மலிவாக இருக்கும். உங்கள் ஊரில் பாகக் கடைக்காரர் ஒருவரிடம் முதலில் போய், ஒரு ஹெட்லைட்டும் கிளட்ச் செட்டும் எத்தனை நாளில் வரும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வண்டியை விடியற்காலையில்தான் பார்ப்பேன். முன்தினமே ஓனரிடம் சொல்லிவிடுவேன்: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணீராதீங்க." போனதும் பானெட்டில் கை வைப்பேன். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன். குளிர்ந்த எஞ்சின் ஒன்றுதான் பொய் சொல்லாது. கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும், ஹீட்டர் பிளக் போயிருந்தாலும், இன்ஜெக்டர் சொட்டினாலும் முதல் ஸ்டார்ட்டிலேயே தெரியும். ஹீட்டர் விளக்கு அணைந்தபின் சாவியைத் திருப்ப வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் பிடித்து, சில நொடி கரகரத்துவிட்டுச் சீராக வேண்டும்.

அப்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்க வேண்டும். லேசான வெண்மை வந்து மறைந்தால் கவலையில்லை. வெண்புகை நிற்காமல் வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது கூலன்ட் உள்ளே இறங்குகிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடுதலாகப் போகிறது. அடைத்த ஏர் ஃபில்டரிலிருந்து வெடித்த டர்போ ஹோஸ் வரை அதற்குக் காரணங்கள் பல, சில மிக மலிவானவை.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகி, எடுக்காமல் ஆயில் ஊற்றும் வாயின் மேலேயே விட்டுவைப்பேன். மூடி துள்ளி, புகை பீறிட்டால் பேக் கம்ப்ரஷன். ரிங் தேய்ந்து, எரியும் வாயு கீழே இறங்குகிறது. அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். டீசலில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும். அளவு மேல் கோட்டைத் தாண்டி, நீர்த்து, டீசல் வாடை அடித்தால்தான் பயப்பட வேண்டும்.

இன்ஜெக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய டீசல் வாங்கியவரின் பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். காமன் ரெயில் எஞ்சினில், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ரெயில் குழாயில், டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே போகிறது. கார் டயரில் உள்ளது இரண்டு பார் சொச்சம் என்பதை நினைத்தால் அது எத்தகைய விசை என்று புரியும். அந்த அழுத்தத்தைத் தாங்கி, ஒரே சுழற்சியில் பலமுறை திறந்து மூடும் ஊசிமுனைக்குத் தண்ணீரும் தூசியும் எமன். கேனில் நிரப்பி வைத்த டீசலை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். ஸ்கேனரை மாட்டினால் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைத்துத் திருத்துகிறது என்பது எண்ணாக வரும். நான்கில் ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் அதுதான் ஆள். அதைவிட நான் நம்புவது ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் வாயிலும் நான்கு சின்ன டியூப், நான்கு குப்பி. சில நிமிடம் எஞ்சின் ஓடினால் போதும். மூன்று குப்பியில் ஓரளவு சமமாக நின்று ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு ஏறினால், அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. கூடவே டீசல் ஃபில்டரைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பார்ப்பேன். வெயிலில் மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் பம்ப் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போயிருக்கும். பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்ற ஆகும் செலவு சின்னக் காரின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

பிறகு ஓட்டிப் பார்ப்பது. நேர் ரோட்டில் எல்லா வண்டியும் ஓடும். கல்லாறு தாண்டிக் குன்னூர் மலையில் நாலு வளைவு ஏறினால் தெரிந்துவிடும், ஆனால் எந்த ஓனரும் அவ்வளவு தூரம் விடமாட்டார். காந்திபுரம் மேம்பாலமே போதும். மூன்றாம் கியரில் மெதுவாக வந்து ஏற்றத்தில் முழுசாக மிதிக்க வேண்டும். 2,000 சுற்றை நெருங்கும்போது டர்போ வந்து முதுகை சீட்டில் அழுத்த வேண்டும். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. ஆம்புலன்ஸ் சைரன் போல டர்போ ஊளையிட்டால் அதன் ஷாஃப்ட் ஆடத் தொடங்கிவிட்டது. திரும்பி வந்து நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் சட்டென்று பிடித்த வண்டி சூட்டில் இழுத்துக்கொண்டே இருந்தால், அந்த ரிட்டர்ன் கசிவுதான் காரணமாக இருக்கக்கூடும்.

பாடியில் நான் பார்ப்பது மூன்றே இடம். கதவு ரப்பர் பீடிங்கை இழுத்து அடியில் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்டங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். முன்பக்க ஏப்ரனில் பட்டியோ சுருக்கமோ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பேன். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற கார்கள் மேற்கு மாவட்டங்கள் வரை வந்து சேர்ந்தன. எத்தனை தடவை கழுவினாலும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு போகாது. மஞ்சள் போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டி என்றால் ஸ்பீட் கவர்னர் வயரை வெட்டி ஒட்டிய தடம் இருக்கும். டாக்சியாக ஓடியது குற்றமில்லை. அதை மறைத்து ஓன் போர்டு விலை கேட்பதுதான் குற்றம்.

தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தபின், அங்கிருந்து மலிவாக வண்டிகள் இறங்கின. அவற்றை வாங்குவதென்றால் தடையில்லாச் சான்றான என்ஓசி, இங்கே வரி, மறுபதிவு எல்லாவற்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளூர் வண்டியின் விலைக்கே வந்து நிற்கும். ஆர்சி புத்தகத்தில் ஹெச்பி, அதாவது கடன் பதிவு, இருந்தால் அது கேன்சல் ஆன பிறகுதான் பணம் கைமாற வேண்டும். 15 ஆண்டு நெருங்கிய வண்டியாக இருந்தால் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி அதற்கு மேல்.

மூன்று லட்சம் இருக்கிறவர் இரண்டரை லட்சத்துக்கு மேல் வண்டிக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். மீதி ஐம்பதாயிரம் முதல் மாதத்துக்கு வேண்டும். முந்தின ஓனர் என்ன சொன்னாலும் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், மூன்று ஃபில்டர் எல்லாம் புதிது. டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2317 என்றிருந்தால் 2017இன் 23ஆம் வாரம். பட்டை ஆழமாக இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். பேட்டரி வலுவாக இருக்க வேண்டும், டீசலைச் சுற்ற அதிக பலம் தேவை. இவற்றோடு, வாங்கிய அன்றே ஒரு சின்ன நோட்டில் மீட்டர் எண்ணையும் டீசல் அளவையும் எழுதத் தொடங்கச் சொல்வேன். டாங்க் நிறைய ஊற்றி அடுத்த டாங்க் நிறையும் வரை கணக்குப் பார்த்தால், இன்ஜெக்டரோ ஏர் ஃபில்டரோ கெடத் தொடங்குவது மைலேஜ் குறைவதில் முதலில் தெரியும். விளக்கு எரிய அதன்பிறகு இன்னும் நாளாகும்.