காய்த்தும் கையற்ற மலை

நெல்லியாம்பதி நெடுவரையிலும், ஆனைமுடிக்குத் தெற்கே விரிந்த ஏலமலையிலும் மரநிழலில் ஏலம் தழைக்கிறது. தண்டடியில் கிளைத்த சரம் தரையோடு படர்ந்து, ஊதாக் கோடு ஓடிய வெண்பூவை வைகறையில் விரிக்கிறது. அம்மலர்க்கு வாழ்நாள் ஒரு பகலே. அப்பகலுக்குள் மகரந்தம் கொணரும் துணை வாராவிடில் வீணே வாடி உதிரும். அந்தோ, பண்டு அதனை நாடி வந்தவை எங்கே?

காட்டு ஏலம் அளவாய்ப் பூத்தது. கூட்டமாய் வாழாத தேனீக்களே அதற்கு உற்ற துணை: இலையை வட்டமாய் நறுக்கி அறை அமைக்கும் இலைவெட்டித் தேனீ போன்றவை. அரசி இல்லை, ஏவலர் இல்லை, தேன் நிறைத்த அடை இல்லை. தமக்கும் தம் சில மக்களுக்கும் வேண்டுவது கொண்டு, கொண்டதற்கு ஈடாய் மகரந்தம் தந்து சென்றன. சில பூவே உடைய செடியும் சிறிதே வேண்டும் உயிரும் தம்முள் இயைந்த நட்பு அது.

மாந்தர் காட்டைத் தோட்டமாக்கினர். மிகக் காய்ப்பதையே தேர்ந்து நட்டனர். கட்டப்பனை உழவர் செபாஸ்டியன் ஜோசப் உருவாக்கிய ஞள்ளானி என்னும் ஏல வகை மலையெங்கும் பரவியது. தோட்டத்துச் செடியில் பூ பெருகிற்று, தேன் பெருகிற்று, பூக்கும் காலம் நீண்டது. பெருஞ்சோறு மணந்த வாயிலுக்குப் பெருஞ்சுற்றம் வருவதுபோல் மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயும் கொசுத்தேனீயும் வந்தன. காட்டில் தனித்தேனீ, தோட்டத்தில் கூட்டுத்தேனீ என்று குரியாகோஸ், சினு, சிவண்ணா ஆகிய மூவரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு எழுதி வைத்தது. செடி ஒன்றே, வேலி கடந்ததும் துணை வேறு.

வந்த துணைக்கும் வந்தது கேடு. 1991–92இல் தாய்லாந்து சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் கேரளத்து அடுக்குத்தேனீக் கூடுகளில் புகுந்தது. புழுக்கள் நீர் நிறைந்த பைகளாகி மடிந்தன. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கூடுகள் அழிந்தன. மீண்டெழுந்தவற்றின்மேல், தண்டுத் துளைப்பானையும் இலைப்பேனையும் குறிவைத்துத் தெளிக்கும் மருந்து விழுகிறது. காய்ந்த குச்சிகளைக் களைந்து தோட்டத்தைத் துப்புரவாக்கும் கை, குச்சிக்குள் கூடமைக்கும் தனித்தேனீயின் மனையையும் களைகிறது.

ஆயினும் அழுவார் இல்லை. கம்பம்மெட்டும் போடிமெட்டும் கடந்து ஜீப்பில் வரும் பெண்கள் காய் பறிக்கின்றனர். ஸ்டோர் என்னும் உலர்த்தும் மனையில் காய் உலர்கிறது. போடிநாயக்கனூர், புற்றடிச் சந்தைகளில் விலை ஏறி இறங்குகிறது. பண்டு வள்ளல் மாய்ந்த நாளில், அவனை நம்பிய பாணர் சுற்றம் பசித்தது. அப்பசியால் ஊர் இழப்பை அறிந்தது. இங்கோ ஒரு நட்பு நீங்கிய இடத்தில் மற்றொன்று அமர்ந்து காய் தந்தது. நிறைந்த கூடையின் முன் எவர்க்கு நீங்கியதன் நினைவு வரும்?

மலையே! உன் விளைச்சலை வாழ்த்துவார் பலர். சோலை எஞ்சிய சரிவுகளில் அளவாய்ப் பூக்கும் காட்டு ஏலமும், அதனை நாடும் தனித்தேனீயும் ஒழிந்தபின், கூட்டுத்தேனீயை இன்னொரு கொள்ளைநோய் கொண்டுபோகுமாயின் யாரை அழைப்பாய்? அந்நாளில் அழுவார் பலராவர்; அழைத்தால் வருவார் ஒருவரும் இரார்.