போட்டியில் தோற்ற சக்கரம்

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. மதுராந்தகம், கொளவாய் என எங்கும் நீர் பரந்து கிடக்கும். ஆயினும் அது உயரத்திலிருந்து வீழ்வதில்லை. மதகின் வழியே மெல்ல இறங்கி வயலில் அடங்கிவிடும். வீழும் நீருக்கன்றோ எந்திரம் சுழற்றும் வலிமை உண்டு! ஆதலால் மாமல்லபுரத்துச் சிற்பியரின் உளிகளைக் காய்ச்சிக் கூராக்கிய உலைக்களங்களில் மனிதக் கரமே துருத்தியை இயக்கிற்று.

நீரே உழைத்த பட்டறையொன்று கலிபோர்னியாவில், சட்டர் கிரீக் என்னும் சிற்றூரில் இருக்கிறது. தங்கச் சுரங்கங்களுக்கான எந்திரங்களை வார்க்க 1873ஆம் ஆண்டு எழுந்த அச்சாலை, சாமுவேல் நைட் என்பாரின் பெயரைத் தாங்கியது. மலைநீரைக் குழாயில் அடக்கிக் குறுகிய வாய் வழியே பீய்ச்சுவர். அது வார்ப்பிரும்புச் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதிச் சுழற்றும். 42 அங்குலச் சக்கரமொன்று கூரையடியில் ஓடும் நீண்ட தண்டை இயக்கும். தண்டிலிருந்து இறங்கும் வார்ப்பட்டைகள் கடைசல் எந்திரத்தையும் துளையிடும் எந்திரத்தையும் இயக்கும்.

1883இல் கிராஸ் வேலியின் ஐடஹோ சுரங்கத்தில் சக்கரங்களுக்குள் ஒரு போட்டி நிகழ்ந்தது. பெல்டன் என்பாரின் சக்கரம் நீரின் ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாற்றிற்று. நைட்டின் சக்கரமோ 77ஐயும் எட்டவில்லை. பெல்டனின் கிண்ணத்து நடுவரம்பு நீர்த்தாரையை இரண்டாகப் பிளந்து, அதன் வேகம் முழுவதையும் வாங்கிக்கொண்டதே காரணம். நம் நீலகிரியின் பைக்காராவில் 1932இல் மின்சாரம் பிறந்ததும் பெல்டன் சக்கரங்களாலேயே.

தோற்ற சக்கரம் என்னவாயிற்று? தன் பட்டறையில் அது சுழன்றுகொண்டே இருந்தது. நைட் 1913இல் மறைந்த பின்னரும், 1996 வரை அங்கே இரும்பு வார்க்கப்பட்டது. அளவுகோல் தள்ளிய ஒன்றை நூறாண்டுக்கு மேல் நிலைநிறுத்தியவை எவை? மர அச்சு செதுக்கவும், மணலின் ஈரத்தை விரலால் அறியவும், முன்னோரிடம் பயின்ற கரங்களே. சக்கரத்தைக் காட்சிக்கு வைக்கலாம். விரலின் அறிவை எந்தக் கண்ணாடிப் பேழையில் வைப்பது?

இக்கேள்வி நம் கடற்கரைக்கும் உரியது. மின்சார அறுவை எந்திரம் வேகத்தில் உளியை என்றோ வென்றுவிட்டது. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்விக்கென அரசு நிறுவனமொன்று இயங்கி வருகிறது. எனினும் கல்லின் ஓசையைக் கேட்டே அதன் குறையை உணரும் செவி, ஆசானின் அருகே ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்போருக்கே வாய்க்கும்.

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், "உளி பிடிக்கக் கற்கிறேன்" என்றால் நாம் முகம் சுளிக்கிறோம். சம்பளம் என்ன என்று முதலில் கேட்கிறோம். அக்கேள்வி தவறன்று, அடுப்பு எரியத்தானே வேண்டும்! ஆனால் அதுவே நம் ஒரே கேள்வியானால், உளியைத் தோற்கடித்தது எந்திரமன்று; நாமே.