ஊரைச் சுமக்கும் பெயர்கள்

திருத்தணியில் நான் ஏறிய பேருந்தின் பலகையில் ‘ஆர்.கே.பேட்டை’ என்று எழுதியிருந்தது. நடத்துநர் அதையும் சுருக்கி, “பேட்டை, பேட்டை” என்று கூவிக்கொண்டிருந்தார். இராமகிருஷ்ணராஜுபேட்டை என்ற முழுப் பெயரைக் கேட்க, ஊருக்குள் போய் ஒரு தறி வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியிருந்தது.

பெயர்களின் பின்னால்தான் அந்தப் பயணம் கிளம்பினேன். பாரசீக வளைகுடாவின் கார்க் தீவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே 18ஆம் நூற்றாண்டில் ‘மோசல்ஸ்டைன்’ என்ற டச்சுக் கோட்டை இருந்ததாக ஒரு செய்தி வந்தது. யாக்கோப் மோசல் என்ற மனிதரின் குடும்பப் பெயரால் அமைந்தது அது. அவர் நம் நாகப்பட்டினத்தில் இருந்து சோழமண்டலக் கரையின் டச்சு ஆளுநராக ஆண்டவர் என்று தெரிந்ததும் புத்தகத்தை மூடிவைக்க மனம் வரவில்லை. ஒரு மனிதரின் பெயர் எப்படி ஊராகிறது, ஓர் ஊர் எப்படி மனிதரின் பெயராகிறது என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. அதற்கு நாகப்பட்டினத்துக்கே போயிருக்கலாம். ஆனால் எனக்கு ஆர்.கே.பேட்டை நினைவுக்கு வந்தது. ஒரு ராஜுவின் பெயரை ஊரே சுமக்கிறது. பக்கத்துத் திருத்தணியிலோ ஓர் ஊரின் பெயரைக் குடியரசுத் தலைவர் ஒருவரே சுமந்திருக்கிறார்.

திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைச் சொல்கிறேன். சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம். அவருடைய முன்னோர்களின் ஊர். தெலுங்குக் குடும்பங்களில் இதை ‘இன்ட்டி பேரு’ என்கிறார்கள். வீட்டுப் பெயர். குடும்பம் ஊரை விட்டு நகர்ந்து தலைமுறைகள் ஆனாலும் ஊர்ப்பெயர் கூடவே வரும். இப்படித்தான் நெல்லூர்க் கிராமம் ஒன்று ஆக்ஸ்போர்டு வகுப்பறை வரைக்கும், பிறகு டெல்லியின் ராஷ்டிரபதி பவன் வரைக்கும் போயிற்று.

பேட்டைக்குள் இறங்கி நடந்தால் முதலில் காதுக்குத்தான் வேலை. விசைத்தறிகளின் சத்தம் தெருவுக்குத் தெரு மாறுகிறது. சில வீடுகளில் கதவு சாத்தியிருந்தாலும் சுவரே அதிர்கிறது. இங்கும் பக்கத்து அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டையிலும் நெசவுதான் பிழைப்பு. நான் உட்கார்ந்த வீட்டுப் பெரியவர் கைத்தறியில் தொடங்கி விசைத்தறிக்கு வந்தவர். உள்ளே மகன் அறுந்த பாவு இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தமிழில் பேசிக்கொண்டே இருந்த பெரியவர், வாசலில் ஓர் அம்மா வந்து நின்றதும் தெலுங்குக்கு மாறி, அவர் போனதும் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் தமிழுக்குத் திரும்பினார்.

“நான் பொறந்தது சித்தூர் ஜில்லா சார். பள்ளிக்கூடம் போனது செங்கல்பட்டு ஜில்லா. இப்ப திருவள்ளூர் ஜில்லான்றாங்க. வீடு மட்டும் அதே வீடுதான்.”

அவர் சொன்னது இந்த மண்ணின் வரலாறே. கார்வேட்டிநகரம் ஜமீன் ஆண்ட பகுதி இது. ஊர்ப்பெயரில் ‘ராஜு’ ஒட்டிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. மொழிவாரி மாநிலப் பிரிவில் ஆந்திரத்தின் பக்கம் போய்விட்ட திருத்தணிப் பகுதி, மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் கே.விநாயகமும் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. என்பதில் முதல் எழுத்து மயிலாப்பூர். ஓர் ஊருக்காகப் போராடியவர் தன் பெயரிலேயே ஓர் ஊரை வைத்திருந்தார்.

“உங்க பேருக்கு முன்னால எத்தனை எழுத்துங்க, தாத்தா?” என்று கேட்டேன்.

“ரெண்டு. ஊருக்கு ஒண்ணு, எங்கப்பாவுக்கு ஒண்ணு. என் பையனுக்கு ஒண்ணுதான். பேரனுக்கு அதுவும் பின்னால போயிடுச்சி.”

இந்த நான்கு வாக்கியங்களைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது.

ஊரைப் பெயரில் வைத்துக்கொள்வது நமக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. பாரசீகத்தில் ஊர்ப்பெயரோடு ஓர் ‘ஈ’ சேர்த்தால் போதும். ஷிராஸ்காரர் ஷிராஸீ, இஸ்பஹான்காரர் இஸ்பஹானீ. டச்சுக்காரர்கள் ‘வான்’ போட்டு ஊரைச் சொல்வார்கள். இந்த இரண்டு வகைப் பெயரும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கரையில் வந்து இறங்கியிருக்கின்றன. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர். கட்டிய வெம்மர் வான் பெர்கெம் என்பவரின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அதையே கோட்டைக்கு வைத்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பின், 1640களில், கோல்கொண்டா சுல்தானின் படையைக் கர்நாடகப் பகுதிக்குள் நடத்திவந்தவர் மீர் ஜும்லா. அவருடைய முழுப் பெயர் மீர் முகம்மது சையிது அர்திஸ்தானீ. இஸ்பஹானுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு ஊர் அர்திஸ்தான். வைர வியாபாரியிடம் கணக்கு எழுத வந்த அந்த மனிதர் கோல்கொண்டாவின் அமைச்சராகி, கண்டிக்கோட்டையைப் பிடித்து, பிறகு முகலாயர் பக்கம் போய் வங்காளத்தை ஆண்டு 1663இல் இறந்தார். அர்திஸ்தானுக்கும் பெர்கெமுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வியாபாரம்தான் இரண்டையும் ஒரே கரைக்குக் கொண்டுவந்தது. சோழமண்டலத்து நெசவுத் துணியைக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்து கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கிய டச்சுக் கம்பெனி, பாரசீகத்தில் பட்டுக்காக 1623இல் பந்தர் அப்பாஸில் கடை போட்டது. பந்தர் அப்பாஸ் என்பதும் ஒரு ராஜாவின் பெயரால் அமைந்த ஊர்தான். ஷா அப்பாஸின் துறைமுகம். ‘பேட்டை’ இருக்கும் இடத்தில் அங்கே ‘பந்தர்’.

இனி மோசலுக்கு வருகிறேன். எங்க்ஹய்சன் என்ற டச்சுத் துறைமுக ஊரில் 1704இல் பிறந்த யாக்கோப் மோசல், பதின்வயதில் கம்பெனிக் கப்பலேறியவர். நாகப்பட்டினத்தில் படிப்படியாக உயர்ந்து, 1738 முதல் 1743 வரை சோழமண்டல ஆளுநர். பிறகு கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவுக்குப் போய், 1750இல் ஆசியாவில் இருந்த டச்சு ஆட்சிக்கெல்லாம் தலைவரான கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தக் காலத்தில்தான் பஸ்ராவில் கம்பெனி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த க்னிப்ஹவுசன் பிரபு, அங்கிருந்த ஆட்சியாளரிடம் சிறைப்பட்டு மீண்டு வந்து, “நமக்கென்று ஒரு தீவு வேண்டும்” என்று பத்தாவியாவிடம் வாதாடினார். 1753இல் கார்க் தீவில் கோட்டை எழும்பியது. மேலதிகாரியின் பெயரைத்தான் வைத்தார்கள். மோசல்ஸ்டைன். வளைகுடாவில் ஒருநாள்கூடக் குடியிருக்காத ஒருவரின் குடும்பப் பெயர், மீனவரும் முத்துக்குளிப்பவரும் வாழ்ந்த ஒரு பாரசீகத் தீவில் ஊராக உட்கார்ந்தது.

எத்தனை ஆண்டு? பதின்மூன்றே. எதிர்க்கரையிலிருந்த பந்தர் ரீக் தலைவர் மீர் முகன்னாவின் ஆட்கள் 1766 ஜனவரி முதல் நாளில் கோட்டையைப் பிடித்தார்கள். டச்சுக்காரர்கள் திரும்பி வரவே இல்லை. இன்று ஈரானின் கச்சா எண்ணெய் ஏற்றுமதியில் பெரும்பகுதி அந்தத் தீவிலிருந்துதான் கப்பலேறுகிறது. உலகம் அதைக் கார்க் என்றுதான் அறியும்.

கெல்ட்ரியாவின் கதையும் அதுவே. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை காக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய தூண்கள் நிற்கின்றன. கோட்டை மண்மேடாகிவிட்டது. அங்கே மீன் வாங்கப் போகிறவர் யாரும் கெல்ட்ரியாவுக்குப் போகிறேன் என்று சொல்வதில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கும் டச்சுக்காரர்கள் தங்கள் நகரங்களின் பெயரை வரிசையாக வைத்தார்கள். வேலணையை லைடன் என்றார்கள்; அது நிற்கவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் வரைபடத்தில் தங்கியது. தமிழர் வாயில் அதுவும் நெடுந்தீவுதான்.

கோட்டைக்காரர் வைத்த பெயர் கோட்டையோடு போய்விட, குடும்பங்கள் தாமே சுமந்துவந்த ஊர்ப்பெயர் மட்டும் நிலைத்துவிடுகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் ‘இஸ்பஹானி சென்டர்’ இருக்கிறது. இஸ்பஹானிலிருந்து வியாபாரத்துக்கு வந்து மதராஸில் வேர்விட்ட குடும்பத்தின் பெயர். கொழும்பில் 19ஆம் நூற்றாண்டில் ஓவியம் வரைந்த வான் டோர்ட், டச்சு வம்சாவளியினர். டோர்ட் என்பது டோர்ட்ரெக்ட் நகரம். அந்த நகரத்தைப் பார்த்திராத தலைமுறைகள்கூட அதைப் பெயரில் வைத்துக் காப்பாற்றினார்கள். எந்த அரசும் அவர்களை வற்புறுத்தவில்லை. அதனால்தான் அது பிழைத்தது என்று நான் நம்புகிறேன்.

நெதர்லாந்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் கட்டாயமானது 1811இல், நெப்போலியனின் ஆணையால். ஈரானில் 1925இல் சட்டம் போட்டார்கள். அப்போது பலர் தங்கள் ஊரையே குடும்பப் பெயராகப் பதிந்துகொண்டார்கள். அந்த ஊர்கள் பதிவேட்டில் நிலைபெற்றன. தமிழ்நாட்டில் நடந்ததோ நேர்மாறு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அப்பாவின் பெயரைப் போடுகிறோம். பெயரோடு ஊரைச் சேர்க்கக் கட்டமே இல்லை. ஆட்சிகள் மாறியும் எல்லைகள் மாறியும் அழியாத ஒன்றை ஒரு விண்ணப்பப் படிவம் அழித்துவிட்டது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

பெரியவரிடம் பேரனின் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டேன். “அப்பா பேரை முழுசா பின்னால போட்டுட்டாங்க. வெளிநாடு போறதுக்கு அதான் வசதியாம்” என்றார். பேரன் சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கிறானாம். “அவனுக்கு ஊரோட முழுப் பேர் தெரியுமா?” என்றேன். அவர் உள்ளே தறியருகே நின்ற மகனைப் பார்த்தார். மகன் தறியை நிறுத்திவிட்டு, எழுத்து எழுத்தாக, “இராமகிருஷ்ணராஜுபேட்டை” என்றார். “எனக்குத் தெரியும். அவனுக்கு நாங்க சொன்னதில்ல.”

ஒரு தாலுகாவின் தலைமையூர் இது. பேருந்துப் பலகையில் இடம் போதாது என்றால் போகட்டும். தாலுகா அலுவலக வாசலிலும் பள்ளிக்கூட முகப்பிலும் ஊரின் முழுப் பெயரைத் தமிழில் எழுதிவைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். செலவு ஒரு பலகைதான். இதைப் படிக்கும் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் தாத்தாவின் பெயருக்கு முன்னால் இருந்த ஊர் எழுத்து எது என்று வீட்டில் பெரியவர் இருக்கும்போதே கேட்டு, விரித்து எழுதி, பிள்ளைகளிடம் கொடுங்கள்.