பலகை மச்சும் பருவங்களும்

பங்குனி 20

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்குத் தரையாக அமைந்திருப்பது சிமெண்டும் அன்று, சிவப்புக் காவியும் அன்று. பர்மா தேக்கின் பலகைகள். 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதன் பின் ரங்கூன் மரத்தின் வரத்து நின்றுபோயிற்றே, அதற்கு முன்னர், மரவாடிகளில் அது தாராளமாகக் கிடைத்த நாளில், என் பாட்டனார் வாங்கிப் போட்டவை. கீழ்க்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் உத்தரமும், அதன்மேல் சட்டங்களும், அவற்றுக்குக் குறுக்காகப் பரவிய பலகைகளின் அடிப்புறமும் தெரியும். மேலே ஏறினால் அதே பலகைகளின் மறுபுறத்தில்தான் நாம் உட்காருவதும் படுப்பதும்.

மாசி கழிந்ததிலிருந்து பலகைகளுக்கிடையே இடுக்குகள் விரியத் தொடங்கிவிட்டன. இன்று சிலவற்றில் ஒரு ரூபாய்க் காசு தாராளமாக நுழைகிறது. நேற்று வந்திருந்த பந்து ஒருவர், மரத்தூளையும் பசையையும் பிசைந்து மக்கு வைத்து அடைத்துவிட்டால் கண்ணுக்கு லட்சணமாக இருக்குமென்று, கேளாமலே யோசனை கூறிச் சென்றார். மரத்தளம் உள்ள வீட்டுக்கு யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை.

சித்திரை 6

வெயில் கடுமை. ஆசாரியை வரவழைத்து மக்கு விஷயத்தைப் பிரஸ்தாபித்தேன். அவர் குந்தியமர்ந்து இடுக்கில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இப்ப அடைச்சுப்போட்டா, ஐப்பசியில மழை புடிச்சதும் பலகை எங்கீங்க போயி நிக்கும்? ஒண்ணை ஒண்ணு நெட்டித் தூக்கீருமுங்க. அது பாட்டுக்கு உடுங்க, தானா வந்து சேந்துக்கும்.”

சாஸ்திரமும் இதையே கூறுகிறது. வெட்டி எத்தனை ஆண்டுகள் ஆனாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை; அவ்வாறு வாங்கி விடுகையில் அதன் நீளம் ஏறக்குறைய மாறாதிருக்க, அகலம் மாத்திரம் கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. பச்சை மரமாக இருந்த நிலையிலிருந்து முற்றிலும் உலரும் வரை தேக்கு, ஆண்டு வளையங்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் திசையில் நூற்றுக்கு 2.5 பங்கும், வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 பங்கும் சுருங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற மரங்கள் பலவற்றை நோக்க இது சொற்பம். தேக்குக்குத் தனி மதிப்பு ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பருவத்துக்குப் பருவம் வீட்டினுள் நேரும் மாறுதல் இதில் ஒரு சிறு பகுதிதான் எனினும், ஒன்பது அங்குல அகலப் பலகையில் அது காசு நுழையும் இடுக்காகப் பிரத்தியட்சமாகிவிடுகிறது. வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகைகள் குறைவாக அசைகின்றன. கிழக்கு ஜன்னலோரத்துப் பலகைகள் அவ்விதம் அறுக்கப்பட்டவை, அங்கே இடுக்கு மயிரிழை அளவே. மக்கு வேண்டாமென்று தீர்மானமாயிற்று.

வைகாசி 11

ஒரு திருமணத்துக்காக நாமக்கல் போனவன், சேந்தமங்கலம் சாலையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நின்றுவிட்டேன். இந்தச் சமவெளியில் மரத்தளம் போடும் தொழில் எங்கேயாவது உயிரோடு இருக்கிறதென்றால் அது வீடுகளில் அன்று, லாரிகளில்தான். கனத்த பலகைகளைச் சட்டத்தோடு போல்ட்டு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மெருகு உண்டா என்று கேட்டதற்கு, “கல்லும் கம்பியும் ஏத்தற பலகைக்கு மெருகு எதுக்குங்க? தேஞ்சா மாத்திக்கறதுதான்” என்றார் மேஸ்திரி. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற அந்தச் சுதந்திரம் என் மச்சுக்கு இல்லை. மெஷின் வைத்து இழைத்துப் புதுசாக்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பலகையின் கனத்தில் கொஞ்சத்தைத் தூளாக்கிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஓர் அங்குலப் பலகை எத்தனை தலைமுறையின் உற்சாகத்தைத் தாங்கும்?

ஆடி 18

பெருக்கு. வீடு நிறைய உறவினர். ஈக்குச் சீமாறு வேண்டாம், பூந்துடைப்பம் போதும் என்று காலையிலேயே சொல்லிவைத்தேன். மரத்தைக் கீறுவது கால்கள் அல்ல, கால்களோடு வரும் மணல். செருப்பை வாசலில் கழற்றும் நம் வழக்கத்தினால் பாதிச் சேதம் படியேறாமலே நின்றுவிடுகிறது. வடக்குச் சுவரோரம் நான்கு கரிய வட்டங்கள் உண்டு. அவை பாட்டியும் அவர் சகோதரிகளும் பகலில் தலைவைத்துப் படுத்த இடங்கள், எண்ணெய் இறங்கியவை. அவற்றைப் போக்க வழியுண்டு, போக்குவதாக இல்லை.

புரட்டாசி 9

மழைக்கு முன் செய்தாக வேண்டிய காரியம், சட்டங்களின் முனைகளைப் பார்ப்பது. மேற்புறம் பளபளவென்று இருக்கையில் தளம் இடிந்து விழுந்த வீடுகள் உண்டென்றால், காரணம் பெரும்பாலும் சுவருக்குள் புதைந்து காற்றோட்டமற்றுக் கிடக்கும் அந்தச் சாண் அளவு மரம்தான். கைப்பிடிச் சுவரின் விரிசல் வழியே இறங்கும் நீர் அங்கேதான் தேங்கும், கரையானும் சுவரோரம் மண்ணால் வழி கட்டிக்கொண்டு அங்கேதான் வந்து சேரும். தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் எளிதில் தொடுவதில்லை. அதற்கு மரத்திலேயே ஊறிய இயற்கைச் சத்துகள் காவல். ஆனால் வெளிப்புற வெள்ளைக்கு அந்தக் காவல் இல்லை. ஆசாரி ஒவ்வொரு முனையிலும் சுத்தியலால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். தென்மேற்கு மூலையில் ஒன்று பொத்தென்று ஒலித்தது. வெள்ளை நீக்காமல் போட்ட சட்டம், உளுத்து மாவாக உதிர்ந்தது. அதன் பக்கத்தில் வேங்கைச் சட்டம் ஒன்றைத் துணையாகக் கொடுத்து இறுக்கிவிட்டு, விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம்.

ஐப்பசி 14

விடாத மழை. இடுக்குகள் மூடிவிட்டன, சித்திரையில் காசு நுழைந்த இடத்தில் இன்று தாள் நுழையவில்லை. ஜன்னலடியில் சாரல் பட்ட இடத்தில் ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு படர்ந்திருக்கிறது. இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் கூடினால் மை பிறக்கும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தொட்டுத் தடவினால் அது மறையும், பிறகு நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும் என்பது எச்சரிக்கை. தளம் துடைக்கப் பக்கெட்டும் பினாயிலுமாக வந்த பெண்ணிடம், “பிழிஞ்ச துணி போதும்மா, தண்ணி ஊத்த வேண்டாம்” என்று மீண்டும் சொல்ல நேர்ந்தது. சிமெண்டுத் தரையில் பழகிய கைக்கு நீர் ஊற்றாவிட்டால் சுத்தம் செய்ததாகவே தோன்றுவதில்லை.

கார்த்திகை 3

நம் ஊருக்கே உரிய ஒரு மரத்தரையைப் பற்றி நண்பரோடு பேச்சு. சேலத்துக்கு வடக்கே வெள்ளைக் குன்றுகளில் வெட்டும் மாக்னசைட் கல்லைச் சுட்டுப் பொடித்து, மக்னீசியம் குளோரைடு நீரில் குழைத்து, மரத்தூளைக் கலந்து பூசினால் காலுக்கு வெதுவெதுப்பான, மூட்டில்லாத தளம் ஒன்று கிடைக்கும். அந்தச் சிமெண்டை 1867இல் கண்டறிந்தவர் பிரெஞ்சுக்காரரான சோரெல். இந்தியத் தர நிறுவனம் இத்தகைய தளத்துக்கென்றே ஒரு விதிமுறை வெளியிட்டிருக்கிறது. அதற்கும் நீர்தான் சத்துரு. தேங்கினால் இளகும், அடியிலுள்ள இரும்பையும் அரிக்கும். கல் இங்கே கிடைத்தும் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அதைக் கண்டதில்லை.

தை 22

மழை ஓய்ந்து பலகை நிதானப்பட்டிருக்கிறது. எண்ணெய் பூச இதைவிட நல்ல சமயம் வாய்ப்பதில்லை. ஆமணக்கு விளையும் சீமையில் விளக்கெண்ணெயே உத்தமம் என்று கருதுவோர் அநேகர். அது உலராத எண்ணெய்; தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் அப்படியே. பூசிய அன்று மினுக்கி, மறுவாரம் தெருத்தூசி முழுவதையும் தன்மேல் வருவித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மெல்ல இறுகி, மரத்தோடு ஒன்றாகிவிடும். பாதிக்குப் பாதி டர்ப்பன்டைன் சேர்த்து, மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி கழித்து எஞ்சியதைத் துடைத்தெடுத்து, பல நாள் உலரவிட்ட பிறகு தேன்மெழுகு போட்டோம். அரக்கு மெருகு இதைவிட அழகுதான். ஈரச் செம்பு ஒன்றை அதன்மேல் வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும் என்பதால் மேஜை நாற்காலிக்கு மட்டும் அதை விட்டுவைத்தோம்.

தைலம் துடைத்த கந்தல்களை மூலையில் குவித்து வைக்கலாகாது. எண்ணெய் இறுகும்போது பிறக்கும் உஷ்ணம் மடிப்புகளுக்குள் வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்பில்லாமலே பற்றிக்கொள்ளும். ஆசாரியின் பையன் அதை நம்பவில்லை. ஆயினும் நான் சொன்னதற்காக அவற்றைக் கொல்லைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷம் படிக்கட்டுக்கும் பூசிவிடலாம் என்று சொல்லிப் போனான். படிக்கட்டு பலா, அதற்கு இவ்வளவு எண்ணெய் பிடிக்காது.